லுங்கி கட்டிக்கொண்டு ரோபோவில் ஏற முடியாது

போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கை ஓரளவுக்குத் தேறிவிட்டது. கால்தான் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. ஐந்து மாத பிசியோதெரபிக்குப் பிறகு, உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கும் ரோபோவில் பயிற்சி எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். தண்டையார்பேட்டையில் மெட்ரோ பிடித்தால் ஒரே வண்டி. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

முதல் நாள் ரோபோவைக் கண்ணிலேயே காட்டவில்லை. ரத்த அழுத்தம், எலும்பு அடர்த்தி, இடுப்பும் முட்டியும் எவ்வளவு மடங்குகின்றன, தோலில் புண் உண்டா என்று பரிசோதனைகள்தான். எலும்பு மெலிந்திருந்தால் இயந்திரம் காலை அசைக்கும்போது முறிந்துவிடலாமாம். எடை 100 கிலோவைத் தாண்டக் கூடாது, நான் 84. இரண்டாம் நாள் வழக்கம்போல லுங்கியில் போய் நின்றேன். "அண்ணா, ட்ராக் பேன்ட் போட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார் அந்தத் தெரபிஸ்ட் பெண்.

மூன்றாம் நாள் தையல்காரர் மாதிரி டேப்பை எடுத்தார். இடுப்பு அகலம், தொடை நீளம், முட்டியிலிருந்து பாதம் வரை எல்லாம் அளந்தார். இயந்திரத்தின் மூட்டும் நம் மூட்டும் ஒரே நேராக இருக்கவேண்டும்; ஒரு விரற்கடை விலகினாலும் பட்டை தோலை இழுக்கும். அன்றைக்கு மாட்டவே அரை மணி நேரம், நடந்ததோ பத்து நிமிடம். கழற்றியபோது கணுக்காலுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. அந்தக் காலில் உணர்ச்சி குறைவு, எனக்குத் தெரியவே இல்லை. அவர் விரலால் அழுத்தி, நிறம் போய்த் திரும்புகிறதா என்று பார்த்தார். அடுத்த முறை அங்கே ஒரு பஞ்சு மெத்தை சேர்ந்தது.

எஸ்கலேட்டர் மாதிரி நம்மை இழுத்துக்கொண்டு போகும் என்று நினைத்திருந்தேன். இடுப்பிலும் முட்டியிலும் மோட்டார், முதுகில் பேட்டரி எல்லாம் இருக்கிறது. ஆனால் உடம்பின் எடையைச் சரியாக ஒரு காலுக்கு மாற்றினால்தான் 'பீப்' என்று சத்தம் வந்து மற்றக் கால் எடுத்து வைக்கும். மாற்றாவிட்டால் அப்படியே நிற்கும், நாமும் நிற்கவேண்டியதுதான். நடந்த முதல் நாளில் 46 காலடி. சட்டை நனைந்துவிட்டது. கால் தேறத் தேற மோட்டார் தரும் உதவியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்.

இது ஒன்றும் நேற்று வந்த சரக்கில்லை. பக்கவாதக்காரர்களுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2016-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஜப்பானின் 'ஹால்' இயந்திரம் தோலில் ஒட்டிய சென்சார் வழியாக, தசைக்குப் போகும் மின்சமிக்ஞையையே படித்துக் காலை நகர்த்துகிறது. இதையெல்லாம் படித்து என் காப்பீட்டுக்காரர்களிடம் விளக்கினேன். "ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேரவில்லையே சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கைக்காசுதான் போனது.

காசிமேட்டில் மீன் பெட்டி தூக்கும் என் மச்சான் வீடியோவைப் பார்த்துவிட்டு, "மாமா, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றான். தொழிற்சாலைகளில் உடம்பில் மாட்டிக்கொள்ளும் இந்த மாதிரிக் கருவிகளில் பலவற்றுக்கு மோட்டாரே கிடையாது. ஸ்பிரிங் மாதிரியான அமைப்பு பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிவிடும். 2018-ல் ஃபோர்டு நிறுவனம், தலைக்கு மேலே கை தூக்கி வேலை செய்பவர்களுக்காக அப்படி ஒரு சட்டையை 15 ஆலைகளில் கொடுத்தது. மச்சான் கேட்டான்: "உப்புத் தண்ணியும் ஐஸும் ஒழுகுற எடத்துல அந்தப் பட்டையை எப்படிக் கட்டுறது?" நியாயமான கேள்விதான். கூரைக்குள் ஒரே மாதிரி வேலை செய்பவர்களுக்குத் தைத்த சட்டை அது.

பதினெட்டு தடவை போய் வந்தேன். கடைசி நாள் 412 காலடி. இப்போது குச்சியோடு மெட்ரோ வரைக்கும் நடக்கிறேன். வீட்டு வாசற்படியில் மட்டும் கட்டைவிரல் இன்னும் இடிக்கிறது. இடித்தால் போதும், அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுக்கிறாள்: "பீப் வரலையேங்க, எடையை மாத்துங்க!"