ஒரு எழுத்துக்காக

மூன்றாம் வகுப்பில் தமிழ் படிப்பித்த ரீச்சரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ‘ர’வுக்குக் கீழே சாய்கோடு விழாவிட்டால், “தம்பி, இது ரானா இல்லை, அரவு, வெறும் கால். திரும்ப எழுதும்” என்று கொப்பியைத் தந்துவிடுவார். எனக்கு அழுகை வரும். பல வருடம் கழித்து, லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் ஒரு யூத வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போன இடத்தில் அந்தக் குரல் திரும்பக் கேட்டது.

அந்தப் பகுதியில் ஆசாரமான யூதக் குடும்பங்கள் நிறைய. வீட்டுப் பெரியவர் ஒரு சோஃபெர், அதாவது வேதச் சுருள் எழுதுபவர். நான் தூரிகையை எடுக்க முதல், வலப்பக்கக் கதவு நிலைகளில் சரிவாகப் பொருத்தியிருந்த சிறு கூடுகளைத் தானே கழற்றினார். உள்ளே மெசூசா: தோலில் கையால் எழுதிய, வேதத்தின் உபாகமம் என்ற நூலின் பகுதிகள் இரண்டு, 22 வரி, 713 எழுத்து. ஏழு வருடத்தில் இரண்டு தரம் பிரித்துப் பார்க்க வேண்டுமாம்.

ஒன்றை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். ‘வாவ்’ என்ற எபிரேய எழுத்தின் கால் மை உதிர்ந்து குறுகியிருந்தது. பேரனைக் கூப்பிட்டார். எழுத்துத் தெரிந்த, ஆனால் பொருளை வைத்து ஊகிக்கத் தெரியாத குழந்தையிடம் காட்டுவதுதான் அவர்களின் முறை. பொடியன் உற்றுப் பார்த்து, “யூத்” என்றான். அது கால் குறுகிய வேறொரு எழுத்து. சரி, முடிந்தது. எழுத்துகளை வரிசை தவறாமல் எழுதியிருக்க வேண்டும் என்பதால், திரும்பிப் போய்க் காலை நீட்டவும் முடியாது. முழுச் சுருளும் செல்லாது.

“இத்தனை சின்னக் குறைக்கா, ஐயா?” என்று கேட்டேன். “கட்டளை என்னுடையது என்றால் சின்னது எனலாம். இறைவனுடையதல்லவா?” என்றார்.

இதை வெறும் சடங்கு என்று சொல்வோர் அவர் எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொல்லிவிட்டே இறகுப் பேனாவை வைத்தார். இறைவன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, அந்தப் பெயரின் புனிதத்துக்காக எழுதுகிறேன் என்று சொன்ன பிறகுதான் கை அசைந்தது. ஓரெழுத்து அடுத்ததைத் தொடவில்லை. பழைய சுருளையும் எறியவில்லை. மண்ணில் அடக்கம் செய்ய எடுத்து வைத்தார்.

மற்ற நாள் பின்னேரம், பெயின்ற் காய்ந்த கதவு நிலையில் ஆசி சொல்லிப் புதியதைப் பொருத்தினார். தொட்டு, விரலை முத்தமிட்டார். அப்புறம் பேரனைத் தூக்கிப் பிடித்தார், அவனும் தொட்டான்.