நெற்கதிர்க் குஞ்சம்: கட்டுவதும் விற்பதும்

நெற்கதிர்களைப் பின்னி வாசலில் தொங்கவிடும் கதிர்க் குஞ்சத்துக்கு நெல்லைவிடத் தாள்தான், அதாவது கதிரின் தண்டுதான், முக்கியம். இயந்திரம் அறுத்த வயலில் நீளத் தாள் கிடைக்காது. அறுப்புக்கு முன்பே விவசாயியிடம் சொல்லி, அரிவாளால் அறுத்து வாங்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயரமான ரகம் பின்னுவதற்கு வாகானது.

முழுக்கப் பழுத்த கதிரை எடுக்காதீர்கள், கை பட்டாலே மணி உதிரும். முக்கால் பங்கு மஞ்சளானதும் அறுத்து, கதிருக்குக் கீழே ஒன்றரை அடித் தாள் விட்டு, தாளைச் சுற்றியுள்ள இலையான தோகையை உரித்துவிடுங்கள். தலைகீழாகத் தொங்கவிட்டு நிழலில் மூன்று நாள் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும்.

காய்ந்த தாளை அப்படியே மடக்கினால் ஒடியும். ஈரத்துணியில் தாளை மட்டும் அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். மணி நனைந்தால் பூஞ்சை வரும். மூன்று மூன்று கதிராகச் சேர்த்துக்கொண்டே சடைபோலப் பின்னி, பருத்தி நூலால் இறுக்குங்கள். ஈரம் வற்றியதும் தாள் சுருங்கிக் கட்டு தளரும். ஆகவே மறுநாள் இன்னொரு கட்டு அவசியம். பலரும் இதை விட்டுவிட்டு, குஞ்சம் கொட்டுகிறது என்கிறார்கள்.

வார்னிஷ் அடிக்க வேண்டாம், சிட்டுக்குருவி கொத்தும் பொருள் இது.

விலையில் கூலியைத் தனியாக எழுதுங்கள். கதிர்விலையை இரட்டித்து விற்றால் நட்டம்தான். தை மாதமும் புதுமனைப் புகுவிழாவும்தான் நல்ல விற்பனைக் காலம். பார்சலுக்கு பிளாஸ்டிக் உறை கூடாது, வியர்த்துவிடும். அட்டைப்பெட்டியில் வைக்கோல் போதும். வெளிநாட்டு ஆர்டர் என்றால் பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.