கஸ்ஸாலி தத்துவத்தைக் கொன்றாரா?

இஸ்லாமியத் தத்துவம் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 11-ஆம் நூற்றாண்டு மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி வந்து ஒரே புத்தகத்தில் கதையை முடித்துவிட்டார், அதோடு முஸ்லிம்கள் சிந்திப்பதையே விட்டுவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தப் புத்தகம் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' ('தத்துவவாதிகளின் முரண்பாடு'). பாக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் கஸ்ஸாலி பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் (1091 முதல் 1095 வரை) எழுதியது. அரிஸ்டாட்டில் மரபில் வந்த தத்துவஞானி இப்னு சீனா வழி வந்த 20 கருத்துகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாதாடுகிறார். உலகத்துக்குத் தொடக்கம் இல்லை, இறைவன் தனித்தனி விஷயங்களை அப்படியே அறிவதில்லை, மறுமையில் உடல் எழுப்பப்படாது என்கிற மூன்றை மட்டும் இறைமறுப்பு என்கிறார். கடுமையான தீர்ப்புதான், அதை நான் மழுப்பவில்லை.

ஆனால் 17-வது விவாதத்தைப் படித்துப் பாருங்கள். பஞ்சில் நெருப்பு படுகிறது, பஞ்சு எரிகிறது. நெருப்புதான் எரித்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். நெருப்பு பட்டபோது எரிந்ததைத்தான் கண்ணால் பார்த்தோம், நெருப்பால்தான் எரிந்தது என்பதை யாரும் பார்க்கவில்லையே! அப்புறம் தனக்கு எதிரான கேள்வியையும் அவரே எழுப்புகிறார். அப்படியென்றால் வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் குதிரையாக மாறி அறையெல்லாம் சாணி போட்டிருக்கலாமே, அதற்கு என்ன பதில்? அப்படி நடக்க முடியும், ஆனால் நடக்காது என்ற அறிவையும் இறைவனே நமக்குள் வைத்திருக்கிறான், மீண்டும் மீண்டும் பார்த்த பழக்கம் அதை மனதில் ஊன்றிவிடுகிறது என்கிறார். இதே கேள்வியை ஐரோப்பாவில் தத்துவஞானி டேவிட் ஹியூம் கேட்டது 18-ஆம் நூற்றாண்டில். சிந்தனையை நிறுத்தச் சொல்கிற ஆள் இப்படியா எழுதுவார்? தர்க்கம் தெரியாதவரின் அறிவை நம்ப முடியாது என்று தன் சட்டவியல் நூலின் முன்னுரையிலேயே எழுதியவர் அவர்.

இதற்குக் கிட்டத்தட்ட 85 வருடம் கழித்து ஸ்பெயினின் குர்துபாவிலிருந்து (கோர்தோபா) இப்னு ருஷ்து எழுதிய பதில் வந்தது. அவர் ஒரு காழி (நீதிபதி), மருத்துவர், அரிஸ்டாட்டிலுக்கு வரி வரியாக உரை எழுதியவர். காரணத்தை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்பது அவர் வாதம், ஏனென்றால் ஒரு பொருளை அறிவது என்றால் அதன் காரணங்களை அறிவதுதான். எனக்கு இந்த இடத்தில் இப்னு ருஷ்துதான் சரி என்று தோன்றுகிறது, ஆனாலும் கஸ்ஸாலியின் கேள்வி என்னை விடுவதாக இல்லை. 1195-இல் இப்னு ருஷ்தை ஊரைவிட்டு அனுப்பினார்கள், நூல்களை எரித்தார்கள், 1198-இல் மொராக்கோவின் மராகிஷில் இறந்தார். லத்தீன் மொழிபெயர்ப்பில் அவரைப் படித்த கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பல இடங்களில் பெயர் சொல்லாமல் 'உரையாசிரியர்' என்றே குறிப்பிட்டார், அந்த அளவுக்கு அங்கே மதிப்பு.

சரி, கிழக்கில் என்ன ஆனது? தத்துவம் சாகவில்லை. இப்னு சீனாவின் நூலை ஃபக்ருத்தீன் ராஸி கேள்விகளால் துளைத்தார், நஸீருத்தீன் தூஸி அதற்குப் பதில் உரை எழுதினார், 1259-இல் ஈரானின் மராகாவில் வானாய்வுக்கூடம் தொடங்கியதும் அதே தூஸிதான். 17-ஆம் நூற்றாண்டில் ஈரானில் தத்துவஞானி முல்லா ஸத்ரா. அவர் எழுதிய ஒரு உரைநூல் நம் நாட்டு மதரஸாக்களுக்கும் வந்தது. லக்னோவின் ஃபரங்கி மஹல் கல்விக்கூடத்தில் 18-ஆம் நூற்றாண்டில் உருவான தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் அதற்குப் பெயரே 'ஸத்ரா'தான், அதோடு பிஹாரைச் சேர்ந்த முஹிப்புல்லாஹ்வின் தர்க்க நூலும் பாடம். கஸ்ஸாலி இறந்து 600 வருடத்துக்குப் பிறகும் லக்னோ இருக்கும் அவத் சீமையில் மாணவர்கள் உட்கார்ந்து இந்த நூல்களை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.