ரிங் தேய்ந்ததா, பிடித்துக்கொண்டதா?

பழைய டிராக்டர் நீலப் புகை கக்கி, ஆயில் குடிக்கத் தொடங்கினால் உடனே எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிடுவது பலருடைய வழக்கம். ஆனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள காடிகளில் (பள்ளங்களில்) உட்கார்ந்து வாயுவையும் ஆயிலையும் தடுக்கும் ரிங் தேய்ந்துபோவதும், கரி அடைந்து தன் காடிக்குள்ளேயே இறுகிப்போவதும் வெளியே ஒரே மாதிரி தெரிகிற இரு வேறு கோளாறுகள். தேய்ந்த ரிங்குக்கு எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. பிடித்துக்கொண்ட ரிங்கைப் பல நேரங்களில் பிரிக்காமலே விடுவித்துவிடலாம்.

முதலில், குற்றம் ரிங்கில்தானா என்று பார்க்க வேண்டும். பிஸ்டனை கம்ப்ரஷன் முடிவில் உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டு, இன்ஜெக்டர் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்தால், காற்று தப்பும் இடமே விடை சொல்லும். சைலன்சரில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு, ஏர் கிளீனர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால்தான் ரிங்கோ, பிஸ்டன் ஓடும் உட்குழலான லைனரோ. மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான்.

தேய்மானமா, பிடிப்பா என்பதை வண்டியின் வரலாறு ஓரளவு காட்டிவிடும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியிலும், ஒருமுறை கடுமையாகச் சூடேறிய வண்டியிலும், பாரமின்றி மணிக்கணக்கில் ஐடிலில் ஓடிய வண்டியிலும் ரிங் பிடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு சிலிண்டர் மட்டும் திடீரெனத் தளர்ந்து மற்றவை நன்றாக இருந்தாலும் என் சந்தேகம் ரிங் பிடிப்பின் மேல்தான். ஆண்டுக்கணக்கில் புழுதியில் உழைத்து, ஆயில் செலவு சிறுகச் சிறுக ஏறிய வண்டியில் தேய்மானத்தையே எதிர்பார்க்கலாம்.

பிடித்த ரிங்குக்கு, இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏ.டி.எஃப். ஆயிலும் சம அளவில் கலந்து சிலிண்டருக்குள் சிறிதளவு ஊற்றி, சில நாட்கள் ஊறவிட்டு, இடையிடையே கிராங்கைக் கையால் அசைத்துக்கொடுக்க வேண்டும். இன்ஜெக்டரைப் பூட்டுவதற்கு முன் ஸ்டார்ட்டரைச் சுற்றி, மிச்சமிருக்கும் திரவத்தைத் துளை வழியே வெளியேற்றுவது கட்டாயம், ஏனெனில் திரவம் அமுங்காது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கிய கலவையோடு ஆயிலையும் மாற்றிவிட்டு, வண்டிக்கு நல்ல பாரம் கொடுத்து ஓட்ட வேண்டும்: ரிங்கின் பின்புறம் புகும் வாயுவின் அழுத்தமே அதை லைனரோடு சேர்த்து அழுத்துகிறது, அந்த அழுத்தம் ஐடிலில் கிடைக்காது. கம்ப்ரஷன் குறைந்த எஞ்சினை ஈதர் ஸ்பிரே அடித்துக் கிளப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கும். முன்கூட்டியே வெடிக்கும் அந்த ஆவி ரிங்கையும் பிஸ்டனின் விளிம்பையும் சேர்த்தே உடைத்துவிடும்.

இதற்கும் மசியாவிட்டால் பிரிக்க வேண்டியதுதான். பிரித்தபின் புது ரிங் வாங்குவதற்கு முன் லைனரை அளக்க வேண்டும். உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் இல்லையென்றால், ஒரு ரிங்கை லைனருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, ரிங் உரசாத அடிப்பகுதியில் அதன் இரு முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை, மெல்லிய தகடுகளாலான ஃபீலர் கேஜால் அளந்துகொண்டு, பிறகு மேல் ரிங் திரும்பும் உயரத்திலும் அளந்தால் போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் ஏற்பட்ட தேய்மானம் கிடைத்துவிடும், கீழே 0.4 மி.மீ., மேலே 1.0 மி.மீ. என்றால் லைனர் ஏறக்குறைய 0.19 மி.மீ. அகன்றிருக்கிறது. அப்படி மேலே அகன்று கீழே குறுகிய லைனரில் புது ரிங் ஒவ்வொரு ஓட்டத்திலும் விரிந்து சுருங்க வேண்டியிருப்பதால், அது சரியாகப் படியாது. லைனரையும் சேர்த்து மாற்றுவதே கணக்குக்குக் கட்டும்.

லைனர் தேறினால், உச்சியில் தேயாமல் நிற்கும் விளிம்பைச் சீவ வேண்டும், இல்லையேல் புது மேல் ரிங் அதில் மோதி உடையும். ஹோனிங் செய்தபின், அதாவது லைனரின் உட்சுவரைச் சாணைக்கல்லால் லேசாகத் தேய்த்தபின், டீசலால் துடைத்தால் அரத்தூள் முழுவதும் போகாது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் அழுக்குப் படாதவரை கழுவி, உடனே ஆயில் தடவ வேண்டும். காடிகளில் உள்ள கரியை உடைந்த பழைய ரிங்கின் முனையாலேயே சுரண்டலாம், அலுமினியத்தைச் சுரண்டாமல்.

கழற்றிய ரிங்குகளில் மேல் ரிங் மட்டும் மிக அதிகமாகத் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் புழுதி காற்றோடு வந்திருக்கிறது என்று பொருள். எஞ்சினைப் பூட்டுமுன் ஏர் கிளீனருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால், அந்த ஹோஸையும் கிளாம்பையும் மாற்றிய பிறகே புது ரிங்கோடு வண்டியைக் கிளப்புங்கள்.