நாரிக்குள் ஒரு மூட்டு: செயற்கை இடைத்தட்டுடன் ஒரு வருடம்

திருகோணமலையில் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்தும் வேலையைப் பதினேழு வருடங்களாக இளைஞர்களுக்குக் கற்பித்து வருகிறேன். நாரிநோ, அதாவது கீழ்முதுகு நோ, எங்கள் தொழிலில் புதிதல்ல. எண்ணெய் பூசிச் சுடுநீர் ஒத்தடம் கொடுத்தால் மூன்று நாளில் இறங்கிவிடும் என்றே நானும் நம்பியிருந்தேன். 27 கிலோகிராம் எடையுள்ள எட்டுக் குதிரைவலு இயந்திரம் ஒன்றை முழங்காலை மடக்காமல் குனிந்து தூக்கிய நாளுக்குப் பிறகு அந்த நோ இறங்கவேயில்லை. எட்டு மாத இயன்மருத்துவத்தின் பின்னரும் அரை மணிநேரம் கதிரையில் இருக்க முடியாத நிலையில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், நான்காம் ஐந்தாம் நாரி முள்ளென்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் உள்ள இடைத்தட்டு மட்டும் நீர் வற்றிக் கறுத்து, உயரம் குறைந்து தெரிந்தது.

அன்று என்ன நடந்தது என்பதை நான் மாணவருக்குக் கற்பிக்கும் நெம்புகோல் கணக்கே சொல்லிவிடுகிறது. முள்ளந்தண்டை நிமிர்த்தும் தசைகள் இடைத்தட்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் பின்னால்தான் இழுக்கின்றன. நான் தூக்கிய பாரமோ 40 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தது. ஆகவே அந்தத் தசைகள் 216 கிலோகிராமுக்கு ஈடான விசையுடன் இழுத்திருக்க வேண்டும். அந்த இழுவையும் பாரமும் என் மேலுடலின் எடையும் சேர்ந்தே தட்டை அமுக்கின. 1999 இல் ஜேர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒருவரின் இதே தட்டுக்குள் உணர்கருவியை வைத்து அளந்தபோது, நிற்கையில் 0.5 மெகாபஸ்காலாக இருந்த அமுக்கம், 20 கிலோகிராமை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3 ஆக ஏறியது. மோட்டார் காரின் ரயருக்குள் இருக்கும் அமுக்கத்தைப் போல் அது ஏறக்குறைய பத்து மடங்கு. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7 ஆகவும், பாரத்தை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1 ஆகவும் இருந்தது.

முதலில் போன தனியார் மருத்துவமனை ஒன்றில் படத்தைப் பார்த்த கையோடு சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்க முயன்றார்கள். பின்பக்க மூட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் இந்தச் சிகிச்சையின் தலைவிதியே அந்த மூட்டுகளில்தான் இருக்கிறது. இரண்டு முள்ளென்புகள் மூன்று இடங்களில் ஒன்றையொன்று தாங்குகின்றன: முன்னால் தட்டு, பின்னால் இடமும் வலமுமாக ‘ஃபசெட்’ எனப்படும் இரண்டு சிறு மூட்டுகள். இந்தச் சிகிச்சையில் தட்டை மாற்றலாம், அந்த இரண்டையும் மாற்ற மாட்டார்கள். அவை ஏற்கனவே தேய்ந்திருந்தால், புதிய தட்டு மீட்டுக் கொடுக்கும் அசைவே அவற்றின் நோவைக் கூட்டிவிடும். சென்னையில் நான் சந்தித்த நிபுணர் இதை விளக்கிய பின்பே சி.ரி. படம் எடுத்து மூட்டுகளைப் பார்த்தார். ஒரு முள்ளென்பு மற்றதன் மேல் வழுக்கியிருக்கிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தார். உலோகத் தகடு என்புக்குள் அமிழ்ந்துவிடாதிருக்க என்பின் அடர்த்தியையும் அளந்தார். மூன்றிலும் தேறிய பிறகுதான், இரண்டு முள்ளென்புகளையும் ஒன்றாக ஒட்டச் செய்வதா, செயற்கைத் தட்டு வைப்பதா என்ற பேச்சே வந்தது. ஒட்டச் செய்தால் அந்த இடத்தின் அசைவு நின்றுபோய், மேலும் கீழுமுள்ள தட்டுகள் கூடுதலாக வளைய வேண்டியிருக்கும். என் வயதையும் தொழிலையும் எண்ணி இரண்டாவதைத் தெரிவு செய்தேன்.

மாதிரி ஒன்றை என் கையில் தந்தார். தீப்பெட்டியளவும் இல்லை, ஆனால் கனத்தது. கோபால்ட்-குரோமியக் கலப்புலோகத்தாலான இரண்டு தகடுகள், நடுவே வெள்ளை நிறப் பொலியெதிலீன் குமிழ். தகடுகளின் வெளிமுகத்தில் என்பைப் பற்றிக்கொள்வதற்காகச் சொரசொரப்பான தைத்தேனியப் பூச்சு. விரல்களுக்கிடையில் வைத்துச் சாய்த்தேன். எந்தத் தடையுமில்லாமல் வழுக்கிக்கொண்டு சாய்ந்தது. அந்த வழுக்கல்தான் என்னை யோசிக்க வைத்தது. இயற்கைத் தட்டின் வெளிவளையத்தில் நார்கள் அடுக்கடுக்காக, ஓர் அடுக்கு ஒரு பக்கமும் அடுத்தது எதிர்ப் பக்கமும் சாய்ந்து ஓடுகின்றன. குனிந்தாலும் திரும்பினாலும் அவற்றில் ஒரு பகுதி இறுகி அசைவை மெல்லத் தடுக்கும். நடுவிலுள்ள கூழ் பாரத்தை எல்லாப் பக்கமும் பரப்பும், இரவில் நீரை உறிஞ்சிப் பகலில் விடும். கையிலிருந்தது மூட்டு மட்டுமே. அதில் வில்லுமில்லை, நாருமில்லை. தடுக்கும் வேலை முழுவதும் மிஞ்சிய நார்களுக்கும் பின்பக்க மூட்டுகளுக்கும் என் தசைகளுக்கும்தான் வந்து சேரும்.

இந்த வகைத் தட்டின் முன்னோடி 1984 இல் பேர்லினின் ஷரிற்றே மருத்துவமனையில் பொருத்தப்பட்டது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான காரின் பியூட்னர்-யான்ஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் உடற்பயிற்சிக் கலையில் தங்கம் வென்றவர். முள்ளந்தண்டின் வளைவைத் தன் உடம்பிலேயே அறிந்திருந்த ஒருவர் இதைச் செய்தார் என்பது எனக்கு நிறைவளித்தது. அந்தத் தட்டில் குமிழ் இரு தகடுகளுக்கும் நடுவே நகரும். எனக்கு வைத்ததில் குமிழ் கீழ்த்தகட்டோடு நிலையாக இருப்பதால் சுழற்சி மையமும் ஓரிடத்திலேயே நிற்கும். ஆரோக்கியமான நாரியில் அந்த மையம் தட்டின் பின்பாதியை ஒட்டி, அசைவுக்கேற்பச் சற்று இடம்மாறுகிறது. அதனால் தகட்டைப் பக்கவாட்டில் சரி நடுவிலும், முன்பின்னாகப் பார்த்தால் நடுவுக்குச் சற்றுப் பின்னாலும் வைக்க வேண்டும். தேவைக்கு மேல் உயரமான தட்டை வைத்தாலும் பின்மூட்டுகள் விரிந்து நோகும்.

வயிற்றின் இடப்பக்கத்தால் திறந்து, குடலைச் சூழ்ந்த சவ்வைக் கிழிக்காமல் ஒதுக்கி, முள்ளந்தண்டின் முன்னால் இரண்டாகப் பிரியும் பெருநாடியையும் பெருநாளங்களையும் விலக்கியே அந்த இடத்தை அடைகிறார்கள். ஆண்களுக்கு அரிதாக விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகும் பாதிப்பு வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். இனியும் பிள்ளைகள் வேண்டுமென்பவர்கள் இதைக் கேட்காமல் கையொப்பம் இடக்கூடாது.

சத்திரசிகிச்சைக்கு மறுநாளே என்னை எழுப்பி நடக்க வைத்தார்கள். தட்டின் முன்பக்க நார்களையும் முள்ளென்புகளை முன்னால் பிணைக்கும் இணைநாரையும் வெட்டியிருந்ததால், ஆறு வாரங்களுக்குப் பின்னோக்கி வளைவதற்குத் தடை. உயரத் தட்டில் கைவைப்பது, சட்டையைத் தலைவழியே கழற்றுவது, சலூனில் தலைகழுவச் சாய்வது எல்லாமே பின்வளைவுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஊர் திரும்பிய பின் உப்புவெளிக் கடற்கரையில் ஈரமணலில் காலையில் நடந்தேன். கடலுக்குச் சரியும் மணல் ஒரு காலைத் தாழ்த்தி நாரியைப் பக்கவாட்டில் சாய்க்கிறது என்று இயன்மருத்துவர் சொன்ன பின் சமதரையான வீதிக்கு மாறினேன்.

ஒரு வருட எக்ஸ்ரேயில், குனிந்த படத்துக்கும் நிமிர்ந்த படத்துக்கும் இடையே அந்த மூட்டு 8 பாகை அசைந்திருந்தது. இருக்கையில் வந்த பழைய நோ இல்லை. நெடுநேரம் நின்றால் வலப்பக்கத்தில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு சிறு நோ வருகிறது. அது பின்மூட்டினுடையது என்கிறார் நிபுணர். வயிற்றுத் தசைப் பயிற்சியை நிறுத்திய வாரங்களில் அது கூடுவதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். பொலியெதிலீன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வருடாவருடம் பார்க்க வேண்டும்; மறுபடி திறக்க நேர்ந்தால், தழும்பில் ஒட்டிப்போன பெருநாளங்களால் அந்த வழி முதன்முறையைவிட ஆபத்தானதாக இருக்கும். பட்டறையில் இப்போது இயந்திரங்களைச் சங்கிலிக் கப்பியால்தான் தூக்குகிறோம், எட்டுக் குதிரைவலுவாக இருந்தாலும்.