பத்தாம் நம்பர் ஊசி

நான் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரிலிருந்து ஊசியை உருவியது யார் என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் பூனையைக் காட்டுகிறார்கள். சரி, பூனை ஊசியை உருவும், ஒத்துக்கொள்கிறேன். உருவிக்கொண்டு போய் பானெட்டைத் திறந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் செருகியும் வைக்குமா?

நேற்று ஞாயிறு. மாமனாரின் மாருதி 800க்கு டைமிங் பெல்ட் மாற்றும் திருநாள். மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்களேன் என்றேன். "நாலு போல்ட்டு, ஒரு பெல்ட்டு, இதுக்குப் போய் மெக்கானிக்கா?" என்றார் இவர். மிக்ஸியைப் பிரித்த அன்றும் இதே வசனம்தான். அந்த மிக்ஸி ஜாரில்தான் இப்போது ரோஜாச் செடி இருக்கிறது. நன்றாகப் பூக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது.

இதற்காகவே ஒரு டூல் செட் வாங்கியிருந்தார். பெட்டியின் மேல் 108 உருப்படி என்று போட்டிருந்தது. அஷ்டோத்திரம் போல ஒவ்வொன்றாக எடுத்து அர்ச்சனை செய்யலாம், அவ்வளவுதான். ஒன்று போல்ட்டுக்குள் ஆடும், இல்லையென்றால் உள்ளேயே போகாது. இன்ஜினின் கீழ்ச் சக்கரமான கிராங்க் புல்லியின் போல்ட்டுக்கு ஒரு வழியாக ஒரு சாக்கெட் பொருந்தியது. திருகினால் போல்ட் கழலவில்லை, இன்ஜினே சேர்ந்து சுற்றியது. பிடி நீளம் போதாது என்று முடிவு செய்து, ஹால் ஜன்னலின் கர்ட்டன் கம்பியை உருவிக்கொண்டு போனார். அது இப்போது வில்லாக இருக்கிறது. நாண் கட்டினால் போதும்.

நடுவில் அத்தைக்கு ஒரு வகுப்பு. "கீழ கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா மேல வால்வைத் திறக்கிற கேம் ஒரு சுத்து சுத்தணும்மா. அந்தக் கணக்கு தப்பாமப் பாத்துக்கிறது இந்த ரப்பர் பெல்ட்டுதான்."

அத்தை அவரைக்காய் நறுக்கியபடியே, "நானும் உங்கப்பாவும் அப்படித்தாண்டா. நான் ரெண்டு சுத்து சுத்துனாத்தான் அவரு ஒரு சுத்து நகருவாரு. பெல்ட்டுதான் இல்ல," என்றார்.

பதினொரு மணிக்குக் காட்டெருமை வந்தது. நம் வேலியோரம் வழக்கமாக வருமே, அந்த ஒற்றைக் கொம்பன். இவர் காருக்குள் பாய்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அது சாவகாசமாக மேரக்காய்க் கொடியை மேய்ந்தது, பம்பரில் முதுகைச் சொறிந்துகொண்டது, உள்ளே இருந்த மனிதரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தது. நாற்பது நிமிஷம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு டம்ளர் டீ குடித்தேன். இவ்வளவு அமைதியான ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாய்த்து எத்தனையோ நாளாகிறது. இவர் ஹாரன் அடிக்கப் போனார்; பேட்டரியைக் காலையிலேயே கழற்றியாகிவிட்டது.

அது போன பிறகுதான் ஸ்வெட்டரை எடுக்கலாம் என்று கூடையைத் திறந்தேன். ஒரு ஊசிதான் இருந்தது. கோத்தகிரியில் நாத்தனார் பேரனுக்கு முதல் குளிருக்குப் போடவேண்டியது. கைக்குழி வரை வந்திருந்தது. 64 கண்ணியும் அனாதையாகக் கிடந்தன. தூக்கியதும் மூன்று வரிசை சரசரவென்று அவிழ்ந்தது. வாசலுக்கு ஓடினால், என் அலுமினிய ஊசி இன்ஜினுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"பிஸ்டன் எவ்வளவு மேல வந்திருக்குன்னு பாக்கறேன். ஊசி ஏறுது பாரு, இறங்குது பாரு." முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் பேச வாயெடுப்பதற்குள் ரயில்வே மாமா வந்துவிட்டார். என் சத்தம் கேட்டு வரவில்லை, அந்தக் கர்ட்டன் கம்பி வளைந்த சத்தம் கேட்டு வந்தேன் என்றார். குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர் காதுக்கு அதெல்லாம் தப்பாது. கையில் மரப்பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரைக்கூட அவர் யாருக்கும் இரவல் தந்ததில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பேனரும் ஒன்று என்பது அவர் கட்சி. வேண்டுமானால் பெட்டியோடு அவரே வருவார்.

ஊசியைப் பார்த்தார். "இது எதுக்கு தம்பி?"

இவர் விளக்கினார்.

"அதான் புல்லியிலயே மார்க் இருக்குமே. ஊசி உள்ள முறிஞ்சு விழுந்தா ஹெட்டக் கழட்டணும் தெரியுமில்ல?"

அதாவது, ஊசியே தேவையில்லை. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மாமா பெட்டியிலிருந்து உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டை எடுத்தார். ஒரு முனையில் அரத்தால் ராவிய இரண்டு பல். ஃப்ளைவீல் பல்லில் அதைக் கொடுத்து இன்ஜின் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, "இப்பத் திருகு" என்றார். டக். காலையிலிருந்து அசையாத போல்ட் முறுக்குப் பிழிவது போல வந்தது. 108 உருப்படி ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

புதுப் பெல்ட்டை மாட்டியதும் இவர் சாவியை எடுக்க ஓடினார். மாமா விடவில்லை. "கையால ரெண்டு சுத்து சுத்து. மார்க் திரும்ப நேரா வந்தாத்தான் சாவி." சுற்றினால் மேலே ஒரு பல் தள்ளி நிற்கிறது. "ஒரு பல்லுதானே மாமா" என்றார் இவர். சொல்லியிருக்கக் கூடாது.

"கல்லாறுலேருந்து குன்னூர் வரைக்கும் மலை ரயில் தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு பல் பட்டை போட்டிருக்கான். ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட பள்ளத்துக்கு நேரா இருக்கும். எந்நேரமும் ஏதாவது ஒரு பல்லு பிடிச்சிருக்கணும்னு. 12 அடிக்கு ஒரு அடி ஏத்தம். 1899லேருந்து அப்படித்தான் ஏறுது. ஒரு பல்லுதானேன்னு அங்க வந்து சொல்லு பாப்போம்."

பெல்ட்டைக் கழற்றினார்கள். மேல் புல்லி மார்க்கைத் தெளிவாகப் பார்க்க மாமா மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். கிரீஸும் கருப்பும் போன பிறகு, மார்க்குக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. பெயின்ட் இல்லை, பளபளப்பு.

அவரைக்காய்த் தட்டோடு வந்த அத்தை குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இது என் நெயில் பாலிஷ்."

ஊட்டியில், தம்பி கல்யாணத்துக்கு வாங்கியதாம். ஒரே ஒருநாள் போட்டது. மறுவாரம் காணோம். தன் நாத்தனார்தான் எடுத்தாள் என்று அத்தை அவரோடு ஒரு வாரம் பேசவில்லையாம். மாமனாரும் கூடவே கட்டிலுக்கு அடியிலெல்லாம் டார்ச் அடித்துத் தேடினாராம். "டார்ச் அடிச்சுத் தேடுனாருடி," என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அப்பா பெல்ட் மாற்றுவார் என்பதே இவருக்கு அப்போதுதான் தெரியும்.

மாமா துணியை மடித்து வைத்துவிட்டு, "மார்க் சரியாத்தான் வெச்சிருக்காரு," என்றார். இவர் அந்தப் பொட்டைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே ஒயிட்னரால் ஒரு கோடு போட்டார். அதுவும் என் பெண்ணின் பென்சில் பாக்ஸிலிருந்து, கேட்காமல் எடுத்தது. ரத்தத்தில் வருவதை என்ன செய்ய?

நாலு மணிக்குக் கிளப்பினார்கள். சிம்ஸ் பூங்கா ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியதாக இவர் சொல்கிறார். முன்சீட்டில் உட்கார்ந்து போன அத்தை வாயைத் திறக்கவில்லை. வந்ததும் நாத்தனாருக்கு போன். "நீ எடுக்கலடி" என்று மட்டும் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் சமையலறை வரை கேட்டது.

ராத்திரி நான் கண்ணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஊசி சோப்பில் மூன்று முறை கழுவியும் பெட்ரோல் வாடை. குழந்தைக்கு ஆகாது, புது ஜோடி வாங்கணும் என்றேன்.

"கடைக்குப் போனா அப்படியே ஒரு நெயில் பாலிஷும் வாங்கிட்டு வா," என்றார் அத்தை. "செவப்பு."

"உங்களுக்கா அத்தை?"

"காருக்குடி. அடுத்த தடவை பெல்ட் மாத்தறப்ப தேடக் கூடாதில்ல."