மூலப் பிரதி எங்கே?

எங்கள் வேலையில் பாதி நேரம் ஒரே கேள்விதான்: "இது எந்த ரிவிஷன்?" சப்ளையர் ஆலைக்கு ஆடிட் போனால் எந்திரத்தை அப்புறம்தான் பார்ப்பேன். அதன் பக்கத்தில் மாட்டியிருக்கும் டிராயிங்தான் முதலில். 'கன்ட்ரோல்டு காப்பி' (திருத்தங்கள் வந்தால் மாற்றித் தரப்படும் அதிகாரபூர்வப் பிரதி) முத்திரை இருக்கிறதா, யாராவது பேனாவால் அளவைத் திருத்தியிருக்கிறார்களா, பழைய தாளின் மேல் புதுத் துண்டை ஒட்டியிருக்கிறார்களா என்று துழாவுவேன். சீனாவின் சியான் நகரத்தில் அப்படி ஓர் ஆடிட். இடையில் ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. சுடுமண் வீரர்களைப் பார்க்கப் போவதாக இருந்தேன். "அங்கே கூட்டம் நெரியும். நீங்கள் பார்க்கவேண்டியது வேறு இடம்" என்று சொல்லி, அந்த ஆலையின் தரப் பொறியாளர் என்னைப் பழைய கல்வெட்டுகளைத் திரட்டி வைத்திருக்கும் பெய்லின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். நான் பேனாத் திருத்தங்களைத் தேடித் தேடிக் குறித்ததற்கு அந்த அம்மையார் தீர்த்துக்கொண்ட பழி என்றுதான் முதலில் நினைத்தேன்.

தெற்குக் கோட்டை மதிலை ஒட்டிய பழைய கன்ஃபூசியஸ் கோயில் வளாகம் அது. தாங் அரச காலத்துக் கற்கள் அழியாமல் இருக்க 1087-இல் அவற்றைத் திரட்டி நிறுத்தியதிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. முதல் கூடத்தில் 114 கற்கள், நூலக அலமாரிகளைப் போல வரிசையாக நிற்கின்றன. இரண்டு பக்கமும் எழுத்து. 12 செவ்வியல் நூல்கள், ஏறக்குறைய ஆறரை லட்சம் எழுத்துகள். வெட்டி முடித்தது 837-இல். நூல்களைக் கையால் பார்த்தெழுதிப் படித்த காலம். ஒவ்வொரு பிரதியிலும் ஒரு பிழை கூடும். அரசுத் தேர்வுக்குப் படிப்பவன் எதை நம்புவான்? அரசாங்கமே சரியான பாடத்தைக் கல்லில் வெட்டித் தலைநகரில் நிறுத்திவிட்டது. சந்தேகமா, வந்து ஒப்பிட்டுக்கொள். எங்கள் துறையில் இதைச் செய்ய ஒரு சர்வரும் நாலு பேரும் போதாமல் திண்டாடுகிறோம்.

ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்த கதை. 1556 நிலநடுக்கத்தில் இந்தக் கற்கள் பல உடைந்தன. 1588-இல், மிங் காலத்தில், விடுபட்ட எழுத்துகளைச் சிறு கற்களில் தனியாக வெட்டிப் பக்கத்தில் வைத்தார்கள். மூலக் கல்லைத் தொடாமல், திருத்தத்தைத் தனியே காட்டுவது: முறையான வேலைதான். கோளாறு படி எடுத்தவர்களிடம் வந்தது. இரண்டிலிருந்தும் தாளில் மை ஒற்றிப் படியெடுத்து, மிங் எழுத்துகளைக் கத்தரித்து, தாங் பாடத்தின் ஓட்டைகளில் ஒட்டி, முழுப் புத்தகமாகத் தைத்துவிட்டார்கள். மிங் காலத் துண்டுகளிலோ பிழைகள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் கு யான்வூ அப்படி ஒட்டிய பிரதியை வைத்துக்கொண்டு தாங் காலக் கல்லில் பிழை என்று எழுதினார். ஒட்டு வேலையால் வந்த குழப்பம் அது என்று பின்னால் வந்த அறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள். இதைக் கேட்டதும் நான் பொறியாளர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். முந்தின நாள் அவர்கள் ஆலையில் நான் எழுதிய குறை இதே ஒட்டுத் துண்டைப் பற்றியதுதான்.

படியெடுப்பதை ஒருவர் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். மெல்லிய தாளை ஈரமாக்கிக் கல்லில் பரப்பி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்குகிறார். தாள் அரைகுறையாகக் காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பந்தால் ஒற்றுகிறார். ஈரம் கூடினால் மை ஊறிவிடும். காய்ந்துபோனால் தாள் விட்டுப்போகும். உரித்தால் கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து, இடவலம் மாறாமல், கல்லில் உள்ளபடியே. மையை ஒற்றுவதற்கு முன் பந்தை இன்னொரு பந்தின்மேல் தட்டி அளவைச் சரிபார்த்துக்கொண்டார். அந்தச் சின்ன வேலையை அவர் ஒருமுறைகூடத் தவிர்க்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், படியெடுக்க எடுக்கக் கல் தேய்கிறது. தாங் காலத்துக் கையெழுத்துக் கலைஞர் யான் ஜென்சிங் 752-இல் எழுதிய துவோபாவ் ஸ்தூபக் கல் சீனப் பிள்ளைகளின் கையெழுத்துப் பயிற்சிக்கு அரிச்சுவடி. பொறியாளர் அதன் முன்னால் நின்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்: கிடைக்கோடு மெலிந்து, நெடுக்குக்கோடு தடித்து. யான் ஜென்சிங் தன் கொள்ளுத்தாத்தாவுக்காக எழுதிய இன்னொரு கல் நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்து, 1922-இல்தான் வெளியே வந்தது. கல் உடைந்திருக்கிறது, எழுத்தின் விளிம்புகளோ கூர்மை குறையாமல் நிற்கின்றன. யாரும் படியெடுக்காததால் பிழைத்தது!

மூலமே இல்லாத மூலமும் உண்டு. எழுத்துக் கலையின் சிகரம் என்று கொண்டாடப்படும் வாங் சிஜியின் கைப்பட்ட தாள் ஒன்றுகூட இன்று இல்லை. 672-இல் நிறுத்திய ஒரு கல்லில், ஹுவாய்ரென் என்ற பிக்கு அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்திருக்கிறார். வாசகம், சுவான்சாங் மொழிபெயர்த்த நூல்களுக்குப் பேரரசர் தைசோங் தந்த முன்னுரை. நம் பாடப்புத்தகத்தில் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதிய யுவான் சுவாங்தான் அவர்.

மேற்காசியாவிலிருந்து வந்த கிறித்தவப் பிரிவான நெஸ்டோரியக் கிறித்தவர்கள் 781-இல் நிறுத்திய கல்லையும் பார்த்தோம். சீன எழுத்தோடு சிரியாக் எழுத்தும் உண்டு. 1907-இல் ஹோல்ம் என்ற டென்மார்க்காரர் அதைக் கொண்டுபோக முயன்றார். அதிகாரிகள் விழித்துக்கொண்டு கல்லை இங்கே நகர்த்திவிட்டார்கள். அவருக்குக் கிடைத்தது நகல்தான். அதையும் நியூயார்க் வரை கொண்டுபோனார்.

வெளியே கடைத்தெரு முழுக்கப் பிரஷ், மை, படித்தாள். ஒரு கடைக்காரர், "இது அசல் கல்லில் எடுத்தது இல்லை, புதுக் கல்லில் எடுத்தது" என்று கேட்காமலே சொன்னார். அந்த நேர்மைக்காகவே 1136-இல் வெட்டிய நிலப்படத்தின் படி ஒன்றை வாங்கினேன். முழுக்கக் கட்டம் போட்ட படம். ஒரு கட்டத்தின் பக்கம் நூறு லி (சீனத் தூர அளவு) என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. இப்போது ஆபீஸில் என் மேசைக்குப் பின்னால் தொங்குகிறது. அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது, முத்திரை எங்கே என்று எங்கள் மேனேஜர் கேட்டார். சரி என்று ஓரத்தில் 'அன்கன்ட்ரோல்டு காப்பி' என்று ஒன்று குத்திவைத்திருக்கிறேன்.